நிற்காத சிவப்பு

நாற்பதை எட்டிப் பார்க்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும். ரொம்ப நாளாக நாக்கு நுனியில் நிற்கிறது. நிறத்துக்கு நம்பர் போட்டு, அட்டையில் ஒட்டி, உறைக்குள் வைத்துக் கடல் தாண்டி அனுப்புகிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம். சிவப்பு என்று யாராவது சொன்னால் எந்தச் சிவப்பு என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியாது. நான் சொல்லப்போகும் சிவப்புக்கு நம்பர் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அது இருந்தது. பதினொன்றுக்கு இல்லை.

எனக்குப் பத்து வயது. முழுப் பரீட்சை லீவு. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரே கூரையின் கீழ் எட்டுக் குடித்தனம் இருந்த லைன் வீட்டில் எங்களுடையது மூன்றாவது கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்கள். அவை சுற்றும் சத்தத்தில்தான் நான் தூங்கினேன். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வேன். பஞ்சுத்தூசி எல்லாவற்றின் மேலும் இறங்கும். தோசைமாவின் மேல், சாமி படத்தின் மேல், அயர்ந்து கிடக்கும் அப்பாவின் புருவத்தின் மேல். தெருவோரச் சாக்கடை ஒருநாள் நீலமாக ஓடும், மறுநாள் கத்தரிப்பூ நிறத்தில். எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவோம். எங்களுக்கு அது வேடிக்கை. பெரியவர்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்பா ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தார். அனுப்பிவைத்த துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே மறுபடி உண்டாக்குவது அவர் வேலை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பேரும் தெற்கத்திக் கரிசல்காட்டுக்காரர்கள், பக்கத்துப் பக்கத்து ஊர். அப்பா பஸ் ஏறித் திருப்பூர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வரும்போது அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப்பெட்டியும் எங்கள் ஊர்க் கபடி டீமும்.

டீமை எப்படிக் கொண்டுவர முடியும் என்கிறீர்களா? எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே அந்த டீமின் முதல் ஏழு பேரை வரிசையாகச் சொல்லத் தெரியும். நான்காவது ஆள் என் தாத்தா, அப்பாவின் அய்யா. மூச்சை விடாமல் 'கபடி' பாடிக்கொண்டே மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியவர். நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை, சின்ன வயதில் அவர் வளர்ந்தது பாட்டி ஊரில். ஆனாலும் சோறு ஊட்டும்போது அந்த மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குள் தரையோடு இழுபட்டுக்கொண்டு வருவார்கள், நான் வாயைத் திறந்துவிடுவேன். இந்தப் பேச்சு தொடங்கியதும் அம்மா எழுந்து போய்விடுவாள். அம்மாவுக்குக் கபடியே பிடிக்காது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

சித்திரை மாதக் கோயில் கொடைக்கு ஊரில் போட்டி நடக்கும். அப்பாவுக்கு லீவு கிடைக்காது. மளிகைக்கடை வாசலில் தொங்கிய சிவப்பு ஒரு ரூபாய் போனுக்கு நானும் அவரும் போவோம். காசுகள் என் உள்ளங்கையில் வேர்த்துக்கிடக்கும். ஊர் டீக்கடைக்காரர் போனை எடுத்து, ஒயர் எட்டுகிற மட்டும் வெளியே நீட்டிப் பிடிப்பார். அப்பாவின் காதுக்கும் என் காதுக்கும் நடுவே அந்த ரிசீவர். முதலில் கடல் மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் அதற்குள் விசில், கொட்டு, யாரோ ஒருவரின் 'கபடிகபடிகபடி'. எங்கோ ஓடுகிற ஒரு ஆளின் மூச்சு என் காதுக்குள் சுடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். காசு தீரப்போகிறது என்று போன் டுக் டுக் என்றதும் அடுத்ததை உள்ளே தள்ளுவேன். அப்புறம் தாத்தா வருவார்.

"எத்தன?" என்பார் அப்பா.

"இருவத்தொண்ணு, பதினெட்டு."

"யாரு?"

"நாமதாம்ல. வேற யாரு?"

அவ்வளவுதான். சாப்பிட்டியா, சுகமா, புள்ள எப்படி இருக்கா, எதுவும் கிடையாது. காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்பா ஊரை விட்டு வந்தது ஓர் இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால். வேலை காத்திருக்காது என்று கூட்டிவந்தவர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாமல் எங்கள் ஊர் ஆறு பேரோடு இறங்கித் தோற்றது, அதுவும் அம்மா ஊரிடம். அன்றிலிருந்து தாத்தா தன் மகனிடம் ஸ்கோரைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பேசவில்லை.

அந்த வருஷக் கொடைக்குப் போன் போட்டபோது இரைச்சலே இல்லை. டீக்கடைக்காரர்தான் பேசினார்.

"இந்த வருசம் டீமு இல்லப்பா. ஏழு பேரு தேறல. பயலுவ பூரா ஒங்க திருப்பூர்லலா கெடக்கானுவ!"

அப்பா போனை வைத்தார். மிச்சக் காசுகள் என் கையில் இருந்தன. ரோட்டில் ஷிப்டு விட்டுச் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன, நூறு, இருநூறு. அவர் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூரா இங்கதான இருக்கானுவ" என்றார்.

*

அடுத்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஓர் ஊரைத் தேடிப் பொறுக்கினார். காதர்பேட்டையில் பண்டல் கட்டுகிற ஒருவர், பவர் டேபிள் தையலில் இரண்டு பேர், கட்டிங்கில் ஒருவர், பேக்கிங்கில் இரண்டு பேர். ஏழாவதாகக் கிடைத்தவர் அயர்ன் அண்ணன். பகல் பூராவும் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவர், முன்னங்கைகளில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. அவர் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது என்று லைன் வீட்டுப் பிள்ளைகள் சத்தியம் செய்தோம். நான் இன்றைக்கும் செய்வேன்.

லைன் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர், தன் தோட்டத்தில் பாதியை நிட்டிங் யூனிட் ஆக்கியவர், மிச்சப் பாதியில் கோடை தோறும் கபடிப் போட்டி நடத்துவார்.

"ஏனுங்க லேபுக்காரரே, உங்கூர்ப் பசங்க நல்லா ஆடறாங்களாமா?" என்று அவரே வந்து கேட்டார். "பேரு குடுங்க, சேத்திக்கலாம். ஊர்ப் பேருலயே ஆடட்டுமுங்க."

அன்றைக்கு அப்பா போனில் முதல் தடவையாக ஸ்கோர் அல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அய்யா, டீமு இங்க இருக்கு. வாங்க."

போன் டுக் டுக் என்றது. நான் காசு போட்டேன்.

"எந்த டீமு?" என்றார் தாத்தா.

ஆனாலும் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். மூன்று பேரை இழுத்துவந்த ஆள் ஒரு மரம் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, என் அப்பாவைவிடக் குட்டையாக இருந்தார். அப்புறம் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டார். என் வாய் திறந்துகொண்டது. முழங்காலில் இருந்து கணுக்கால் வரை தோலே ஒரு தரைப்படம்: மேடு, பள்ளம், தையல் போட்ட தடம். வலது கைக் கட்டைவிரல் பின்பக்கமாக மணிக்கட்டு வரை வளைந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தொடு தாயி. அது ஒங்கம்மா ஊருக்காரன் ஒடிச்சது" என்றார் அம்மாவுக்குக் கேட்கும்படி.

"ஒழுங்காப் பிடிச்சிருந்தா ஒடிஞ்சிருக்காது" என்றாள் அம்மா அடுப்பைப் பார்த்தபடி.

மாலை அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். ஏழு பேரும் அவர் காலைத் தொட்டார்கள். அவர் உட்காரவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஆட்டம் இருக்கு. ஊரு இல்ல" என்றார் தாத்தா. "கம்பெனிப் பயலுவ."

"எல்லாம் நம்ம ஊருப் பயலுவதான்ய்யா."

"வெள்ளப் பனியன் போட்டா எவனும் எந்த ஊருக்காரனும்தாம்ல. எங்க ஏழு பேருக்கு ஒரு செகப்பு இருந்துச்சு. பொறவுதான் கடப் பனியன் வந்து எல்லாம் போச்சு. அந்தச் செகப்புல எறங்குனா ஊர்ப் பேரச் சொல்லு, நானும் கோட்டோரம் வந்து உக்காருதேன். இல்லன்னா வேற பேரு வச்சுக்கோ. நான் பஸ்ஸேறிருதேன்."

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்த ஏழு பேரில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

"அந்தச் செகப்பு எங்க வாங்குனது?"

"யாருக்குத் தெரியும்? பொம்பளையதான் தோச்சுத் தருவாவ. அதையா கேப்பாவ?"

அப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். தேர்வுத் தாளில் படித்த கேள்வியே வந்துவிட்டால் நமக்கு வருமே, அது. நிறம் கேட்கிறார் அய்யா. நிறம்தானே தன் வேலை.

*

அந்த லேபை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அப்பா தாத்தாவையும் என்னையும் ஒரு மாலை கூட்டிப்போனார். வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டீல் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைக் கைக்குட்டை அளவு துணி வெந்துகொண்டிருந்தது. அலமாரியில் ஒரு பாட்டில். அதன் மேல் 'செயற்கை வியர்வை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"இது என்னல?"

"போட்டவனுக்கு வேர்த்தா சாயம் போவுதான்னு பாக்கதுக்குய்யா. இதுல நனச்சு வைப்போம். நெறம் மாறுச்சுன்னா ஃபெயில்."

தாத்தா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "வேர்வைய வெலைக்கா வாங்குதிய?"

"நாங்களே கலக்குவோம்."

"அடேயப்பா" என்றார். கேலியா வியப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை ஆயிரம் பேர் வேர்த்துக்கொண்டிருக்கும் ஊரில் வேர்வையை ஒரு பாட்டிலில் கலக்குகிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது.

மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் திறந்தது, உள்ளே சாம்பல் நிறம். அப்பா ஒரு சிவப்புத் துணியை அதற்குள் வைத்து ஸ்விட்சைத் தட்டினார். பகல் வெளிச்சம் எரிந்தது, துணி செம்பருத்தி. இன்னொன்றைத் தட்டினார், கடை விளக்கு. அதே துணி செங்கல். மூன்றாவது, வீட்டு பல்பு. துணி உள்ளிருந்து தணல் மாதிரி கனன்றது. யாரும் துணியைத் தொடவில்லை! நான் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். தாத்தா பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"இதுல எது நெசம்?"

"துணி வாங்குத பையர் எந்த லைட்டுல பாக்கச் சொல்லுதாரோ அதுய்யா."

அவர் தலையை வெளியே எடுத்து அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். தன் மகன் பன்னிரண்டு வருஷமாக எந்த உலகத்தில் இருந்தான் என்று அன்றைக்குத்தான் கண்டார் போல.

பதினொரு சிவப்பு போட்டார் அப்பா. மிளகாய்ப் பழம், மாதுளை, வெற்றிலை எச்சில், செம்மண், ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் வெயிலில் விரிப்பார். தாத்தா குனிந்து பார்ப்பார்.

"இல்ல."

"கிட்டத்தில இருக்காய்யா?"

"செத்துக் கெடக்குல இது. அசைய மாட்டேங்குது. அது உசுரோட இருக்கும்."

உயிரோடு இருக்கும் நிறத்துக்கு எந்த ரெசிப்பி? அப்பா ஒருநாள் அம்மாவிடம் தணிந்த குரலில், "அய்யாவுக்குக் கண்ணுல பொர விழுந்திருக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வழக்கம்போலத்தான் என்று நான் நினைத்தேன். பெரியவர்கள் எல்லாரும் எல்லாரையும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் நானும் என் பங்குக்குச் செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை ஆட்டம். பதினோராவது சிவப்பில் ஏழு பனியனைத் தைத்தே கொண்டுவந்திருந்தார் அப்பா, அதைப் பார்த்தாவது மனசு மாறும் என்று. தாத்தா மாறவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரம் கேட்டார். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்தாள். கையில் ஏழு வெள்ளைப் பனியன். அடுப்படியில் இருந்து மஞ்சள்பொடி டப்பாவை எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு வாங்கிவந்தாள்.

"மாமா, உக்காருங்க. அந்தச் செகப்ப நான் பாத்திருக்கேன்."

மூன்று பேரும் திரும்பினோம்.

"நீ எங்கிட்டுப் பாத்த?"

"எதுத்த பக்கம் உக்காந்துதான். எனக்கு அப்ப ஆறு வயசு. ஒங்க டீமு தோக்கணும்னு எங்க அம்மனுக்குத் தேங்கா நேந்துக்கிட்டேன்."

"நேந்தியா?"

"நேந்தேன்."

"தோத்தோமா?"

"எங்க தோத்திய? தேங்கா மிச்சம்."

தாத்தா சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பல் இல்லாத இடம் எல்லாம் தெரிந்தது. அப்பாதான் சிரிக்கவில்லை.

"இத்தன நாளா நான் மண்டைய ஒடச்சிட்டிருக்கேன், ஏன் சொல்லல?"

"கேட்டீயளா?" என்றாள் அம்மா.

பெரிய அலுமினியப் போசியில் தண்ணீர். மஞ்சளைக் கொட்டிக் கலக்கினாள், பூசணிப்பூ மாதிரி ஆயிற்று. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். நடுவில் ஒரு சிவப்புச் சுழி எழுந்தது, விரிந்தது, மஞ்சளை விழுங்கியது. ஆலாத்தித் தண்ணீர்தான், நாம் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்போம்! ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு பனியன் வெளியே வருவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஈரம் சொட்ட அம்மா தூக்கிப் பிடித்தாள். லேப் பெட்டியின் மூன்று வெளிச்சமும் ஒன்றாக அதில் எரிந்தன.

தாத்தா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "இதான்" என்றார். "எலே, இதாம்ல."

அவர் பனியன் காயப்போட்ட கொடியருகே போய் நின்றதும் அப்பா அம்மாவிடம் வந்தார். "இது நிக்காதே!"

"நிக்காது."

அப்பா லேபிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னக் குப்பியைத் திறந்து, ஒரு பனியனின் உள் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். பாட்டில் வியர்வை. சிவப்பின் நடுவே ஒரு மஞ்சள் கண் திறந்தது.

"ஃபெயில்" என்றார், லேபில் சொல்லும் அதே குரலில். "ஊரே சாயக்காரன் ஊரு. எங்க மேனேஜர் மொத வரிசையில உக்காந்திருப்பாரு. வேர்த்த ஒடனே எல்லாம் போயிரும். நான் நாளன்னைக்கு லேபுக்குள்ள எப்படிப் போவேன்?"

"இது ஒங்க மேனேஜருக்கா, ஒங்க அய்யாவுக்கா?"

அப்பா பதினோராவது சிவப்பில் தைத்த ஏழையும் மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டார்.

*

ஞாயிறு காலை. தண்ணீர் தெளித்த மண்ணின் வாசம், டீ வாசம், நிட்டிங் யூனிட்டின் எண்ணெய் வாசம். பக்கத்துக் கம்பெனிகளில் இருந்து எல்லாரும் வந்திருந்தார்கள், இந்திக்காரப் பையன்கள் மதில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூரத்தில், வேப்பமரத்தடியில். நான் அப்பாவோடு கோட்டோரம். தாத்தா வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் மைக்கில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். தொலைவிலிருந்து போனில் மட்டுமே கேட்ட பெயர் திருப்பூர் வானத்தில் ஒலிபெருக்கியில் இரைந்தது. ஏழு சிவப்பு உள்ளே இறங்கியது.

எதிரில், அமராவதிக் கரையிலிருந்து வந்த டீம், நீலம். வயல்வேலை செய்த தோள்கள்.

முதல் பாட்டுக்கு அயர்ன் அண்ணன் போனார். அந்த மூச்சு! ஒயர் வழியாக என் காதைச் சுட்ட அதே மூச்சு, இப்போது பத்தடி தூரத்தில், ஓர் உடம்போடு. தாத்தாவின் கட்டைவிரல் தன்னால் மண்ணில் தாளம் போட்டது. தொட்டார், திரும்பினார், கணுக்காலை ஒருவன் பிடித்தான், அவனையும் இழுத்துக்கொண்டு கோட்டில் விழுந்தார். நான் கத்தியதில் தொண்டை கட்டியது.

பத்து நிமிஷம் அப்படிப் போயிற்று. அப்புறம் தொடங்கியது. முதலில் கழுத்தோரம் ஒரு மஞ்சள் வரி. அப்புறம் அக்குள், அப்புறம் முதுகு நடுவே ஒரு நீளமான கோடு.

"டேய், சாயம் போவுதுடா!"

"எந்தப் பட்டறைடா இது?"

"ரிஜெக்ட்! ரிஜெக்ட்!"

மதில் மேலிருந்த பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ரிஜெக்ட் பாய், ரிஜெக்ட்!" கைதட்டல் தாளமாகச் சேர்ந்துகொண்டது. இந்த ஊரில் அதைவிடக் கேவலமான வசவு ஏது? மைக்கில் வீட்டுக்காரரே சிரித்தார்: "ஏனுங்க, திருப்பூர்ல இருந்துட்டுச் சாயம் போற பனியனுங்களா? வெளியூர்க்காரங்க பாத்தா நம்ம பொழப்பு என்னாவறதுங்க?" அவர் பக்கத்து நாற்காலியில் அப்பாவின் மேனேஜர். அவர் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்தார். அது சிரிப்பைவிட மோசம்.

எங்கள் ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். பிடிகள் நழுவின. பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதியபோது எட்டுப் புள்ளி பின்னால்.

ஏழு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அயர்ன் அண்ணன் முதுகைச் சொறிந்தார். "அண்ணே, சுண்ணாம்பு வேற அரிக்கி. மாத்திருவமா?" அப்பா பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே அந்த அசையாத சிவப்பு, மடிப்புக் கலையாமல்.

நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் முகம் அசைவற்று இருந்தது. அவமானத்தில் உறைந்துவிட்டார், எழுந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அதே நேரம் வேப்பமரத்தடியிலிருந்து அம்மா வந்தாள். கோட்டைச் சுற்றி வரவில்லை. ஆடுகளத்தின் குறுக்காக, அத்தனை ஆண்களுக்கும் நடுவே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"திரும்பி நில்லுங்கல" என்றார் தாத்தா.

ஏழு முதுகும் அவருக்கு முன்னால் திரும்பின. வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்தது. தாத்தா எழுந்து ஒவ்வொரு முதுகாகத் தடவிக்கொண்டு போனார்.

"இது... ஆடும்போதே இப்படியா ஆச்சு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமா மாமா. செகப்பா எறங்குவிய. மொத ஆளப் பிடிச்சதும் கழுத்துல மஞ்சளு வரும். ஆட ஆட எறங்கும். கடைசியில ஏழு பேரும் மஞ்சளா நிப்பிய. எவன் முதுகுல செகப்பு மிச்சம் கெடக்கோ, அவன் ஒளிஞ்சு நின்னவன்னு எங்க ஊருப் பொம்பளைய கைகொட்டிச் சிரிப்பாவ." அம்மா தாத்தா பக்கம் திரும்பினாள். "ஒங்க முதுகுல ஒருநாளும் மிச்சம் பாத்ததில்ல. அதுக்குத்தான் தேங்கா நேந்தேன்."

"நாங்க பாக்கலையேம்மா." தாத்தாவின் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "ஆடுதவன் எவன் தன் பனியனப் பாப்பான்? எதிராளி கண்ணத்தான் பாப்பான். முடிஞ்சதும் பனியனோட கண்மாய்ல விழுந்துருவோம். ஒட்டுனது மண்ணுன்னு நெனச்சோம்." அவர் ஏழு மஞ்சள் முதுகுகளையும் மறுபடி பார்த்தார். "நாங்க இப்படியா தெரிஞ்சோம்?"

"இப்படித்தான் தெரிஞ்சிய."

தன் இளமையை முன்னால் நிறுத்தி, அதன் முதுகைப் பார்க்க யாருக்குக் கிடைக்கும்?

தாத்தா கண்ணைத் துடைத்தார். "ஏல அயர்னு, ஒன் முதுகுல ஒரு சாண் செகப்பு கெடக்கு. வெக்கமா இல்ல? ஊர்ப் பேரச் சொல்லிட்டு எறங்கியிருக்கிய, எல்லாப் பயலும் மஞ்சளாத்தாம்ல வெளிய வரணும்." பிறகு அப்பாவிடம், "அந்தப் பைய மூடு" என்றார்.

அப்பா மூடினார்.

தாத்தா நொண்டியபடி மைக் இருந்த மேசைக்குப் போனார். என்ன சொன்னாரோ, வீட்டுக்காரர் கும்பிடு போட்டார். "சரிங்க சாமி, சொல்லிப்போடறனுங்க." மைக் கரகரத்தது. "ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. சாயம் போவலையாமாங்க! எவன் எவ்வளவு ஒழைக்கறான்னு பனியன் காட்டுதாமா! செகப்பு மிச்சம் இருந்தா அவன் ஏமாத்தறவனாமுங்க!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. வேர்வை என்றால் என்னவென்று தெரிந்த கூட்டம் அது. அப்புறம் இரண்டாம் பாதி முழுக்க அவர்களுக்கு முதுகுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. "அண்ணா, தோள்ல இன்னும் இருக்குது!" "பண்டல்காரரே, போங்க போங்க, உங்களுக்குத்தான் பாக்கி!" "பீலா! பீலா!" என்றார்கள் மதில்மேல் பையன்கள், மஞ்சளைத் தங்கள் பாஷையில். எட்டு ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. மேனேஜர் கட்டிய கையை எப்போது பிரித்தார் என்று தெரியவில்லை, எழுந்து நின்றிருந்தார்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.

கோப்பை நீலத்துக்குப் போயிற்று. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை, ஏழு பேரும், சாமந்தி. தாத்தா ஒவ்வொருவரையும் திருப்பி, முதுகை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டு மிச்சமில்லை. கடைசியில் அப்பாவிடம் வந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அவரைத் திருப்பிப் பார்க்க ஒன்றுமில்லை. தாத்தா அந்த ஈரக்கையை அப்படியே அவர் தோளில் வைத்தார்.

"சாப்பிட்டியால?" என்றார்.

பன்னிரண்டு வருஷம். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

*

அந்த ஏழு பனியனும் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். துவைத்துக் கொடியில் போட்டதும் வெயில் இரண்டே நாளில் மஞ்சளையும் தின்றுவிட்டது. வெறும் வெள்ளைப் பனியனாகி, அவரவர் உடம்பிலேயே கிழிந்துபோயின. பதினோராவது சிவப்பு மட்டும் அம்மாவின் பெட்டியில் இன்னும் இருக்கிறது, ஒரு துளி மங்காமல். என் மகள் இப்போது பள்ளிக் கபடி டீமில் பாடிப் போகிறாள். முதல் ஏழு பேரின் பெயரை வரிசையாகச் சொல்வாள். நான்காவதைச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாக. ஆட்டம் முடிந்து அவள் வரும்போது எனக்கே தெரியாமல் நான் அவள் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன். "என்னம்மா தேடற?" என்கிறாள்.

அன்று சாயங்காலம் துவைக்கிற கல்லில் அப்பாவின் வெள்ளைச் சட்டையை அம்மா எடுத்தாள். தோளில் தாத்தாவின் கை அப்படியே மஞ்சளாகப் பதிந்திருந்தது. உள்ளங்கை, நான்கு விரல், பின்னால் வளைகிற அந்தக் கட்டைவிரல்கூட. அப்பா பக்கத்தில் நின்றார். "அத விட்டுரு" என்றார். "நாளைக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போகணும்ல, எப்படி விட?" என்றாள் அம்மா. சட்டையை நனைத்து, சோப்பை எடுத்து, அந்தக் கையின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

சோப்புப் பட்டதும் ஐந்து விரலும் குப்பென்று சிவந்தன.